நாகைச் சாலையோரத்துத் துணிக்குவியலும் நம் வீட்டு அலமாரியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். இன்றைய மயிலாடுதுறையும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. செய்தி பரவிய சில நாட்களில் லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. அடுத்த வாரங்களில் அந்தப் பக்கம் போன நிருபர்களும் தொண்டர்களும் மறக்காமல் பதிவு செய்த காட்சி ஒன்று உண்டு. சாலையின் இரு ஓரமும் பழைய துணி. மழையிலும் மண்ணிலும் ஊறி, ஆடு மாடு மிதித்து, கடைசியில் துப்புரவுப் பணியாளர்கள் அள்ளிப்போட வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்தில், பழைய துணி அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

கொடுத்தவர்களுக்கு மனமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அது ஏன் குப்பையானது என்று பிரித்துப் பார்த்தால், ஒரு குடும்பம் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுக்கும்போது எங்கே சறுக்கும் என்பது அச்சாக அப்படியே தெரியும். அளவுதான் வேறு, தவறுகள் ஒன்றே.

முதல் காரணம் எல்லோரும் சொல்வது. கடற்கரை மக்கள் முதல் நாள் வரை படகும் வலையும் வைத்துப் பிழைத்தவர்கள், கைநீட்டிப் பழகாதவர்கள். அடுத்தவர் உடுத்திக் கழித்ததை வாங்கி உடுத்த அவர்கள் மறுத்தது இயல்பு. அரசின் முதற்கட்ட நிவாரணத்தில் சேலை, வேட்டி, போர்வை எல்லாம் புதிதாகவே வந்துகொண்டிருந்ததால், பழையதற்கு அங்கே அவசியமும் இல்லை.

இரண்டாவது காரணத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. வந்த மூட்டைகள் பிரிக்கப்படாதவை. ஒரே சாக்கில் கோட்டு, பட்டுப்பாவாடை, கைக்குழந்தைச் சட்டை, பொத்தான் போன ஜீன்ஸ், நாடா உருவப்பட்ட பாவாடை. ஆறு வயதுப் பெண்ணுக்குக் கவுன் தேடும் தாய், சாக்கைக் கொட்டி, கிளறி, எடுத்து, அளந்து பார்க்க வேண்டும். வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்த ஊரில் யார் உட்கார்ந்து அதைச் செய்வார்கள்? பிரிப்பது ஒரு வேலை. அந்த வேலையைக் கொடுத்தவர் செய்யாவிட்டால், வாங்குபவர் தலையில் விழும். வாங்குபவரும் செய்யாவிட்டால் சாலையோரம்.

அங்கே தேங்கிய துணியை எடுத்துப் பிரிக்கும் வேலையில் இறங்கியது டெல்லியின் கூஞ்ச் அமைப்பு. அன்ஷு குப்தாவும் அவர் மனைவி மீனாட்சியும் 1999-ல் அதைத் தொடங்கியபோது கையிலிருந்தது தங்கள் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த 67 உருப்படிகள். 2015-ல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் முறையில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு உருப்படியும் ஒருவர் கையில் தனித்தனியாக ஏறி இறங்கும். பொத்தானும் நாடாவும் சேர்க்கப்படும், ஆள் அளவுக்கேற்பக் கட்டப்படும், உடுத்த ஆகாத பருத்தி வேறு பொருளாகும். இன்னொன்று, கிராமத்தார் கிணறு தூர்வாரியோ பாதை போட்டோ உழைத்ததற்கு ஈடாகத் துணிக்கட்டு போகும். இரண்டாவதை ஒரு வீடு செய்ய முடியாது. முதலாவதைக் கட்டாயம் செய்யலாம். 67 துணி என்பது இன்று இரண்டு பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் ஒரு பீரோவின் ஒரு பக்கம்.

துணிக்கு முன் தொலைபேசி

வழக்கமாக நடப்பது: ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் கவிழ்த்து, வேண்டாததை மூட்டை கட்டி, பிறகு ‘யாருக்குக் கொடுக்கலாம்’ என்று யோசிப்பது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் வாங்குபவர், பிறகு பட்டியல், கடைசியில்தான் அலமாரி.

குழந்தைகள் இல்லம் என்றால் அது இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 41-ஆம் பிரிவில் பதிவானதா என்று கேட்பது முதல் வேலை. தயங்க வேண்டாம், ஒழுங்காக நடத்துபவர்கள் பதிவு எண்ணைத் தாங்களே சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். அதன்பின் பேச்சு அநேகமாக இப்படிப் போகும்:

“வணக்கங்க மேடம். பிள்ளைங்க போட்ட துணி கொஞ்சம் நல்லதா இருக்கு. உங்க இல்லத்துல இப்ப என்ன வயசுப் பிள்ளைங்க இருக்காங்க?”

“எல்லாம் பொம்பளப் பிள்ளைங்க சார். பாதிக்கு மேல பதிமூணு, பதினாலு வயசு. சின்னப் பிள்ளைங்க கவுனு நெறைய வந்து கெடக்கு, அது மட்டும் வேணாம்.”

இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. பிள்ளைகள் ஐந்து வயதுவரை மளமளவென்று வளர்வதால், வீடுகளில் மிஞ்சுவது பெரும்பாலும் சின்னஞ்சிறு உடைகள். இல்லங்களிலோ 18 வயதுவரை பிள்ளைகள் இருப்பார்கள். கூட்டம் பத்து வயதுக்கு மேல்தான். நம்மிடம் மிஞ்சுவதும் அவர்களுக்குத் தேவைப்படுவதும் எதிர்த்திசையில் நிற்கின்றன. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஆகும் உடை பிள்ளையின் அலமாரியில் கிடைக்காது. அம்மாவின் அலமாரியில் இருக்கும்: எக்ஸ்எஸ், எஸ் அளவில் வாங்கி இப்போது இறுக்கமாகிப்போன குர்த்தி, லெக்கிங்ஸ். அப்பாவின் சின்ன அளவு டி-ஷர்ட்டுகள் பதினைந்து வயதுப் பையனுக்குச் சரியாக இருக்கும். இதைச் சொன்னால் வீட்டில் ஒரு நல்ல விளைவும் உண்டு: ‘என் துணியை மட்டும் ஏன் எடுக்கிறீங்க’ என்ற பிள்ளையின் முறையீடு அடங்கிவிடும்.

சின்ன உடைகளுக்கு வேறு இடம் இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பமாக வந்து தங்கி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் மாற்றுத்துணி அதிகம் இல்லாமல் வருகிறார்கள். மழை முடிந்து சூளை தொடங்கும் காலத்தில் அங்கே படிப்புச் சொல்லித்தரும் தொண்டு அமைப்பு ஏதாவது இருந்தால் அவர்கள் வழியாகக் கொடுப்பது நல்லது. காரை நிறுத்தி டிக்கியைத் திறந்து கையில் திணிப்பது வேண்டாம்; தள்ளுமுள்ளில் பெரியவனுக்கு மூன்று கிடைக்கும், சின்னவளுக்கு ஒன்றும் கிடைக்காது. ஸ்வெட்டர் என்றால் நீலகிரி, ஏற்காடு, ஜவ்வாது, கொல்லிமலை. அதுவும் ஐப்பசிக்குள் போய்ச் சேர வேண்டும். மாசியில் போகும் ஸ்வெட்டர் அடுத்த வருஷத்துக்குத்தான்.

பள்ளிச் சீருடையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். சத்துணவுத் திட்டத்தில் உள்ள எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழக அரசே நான்கு இணைச் சீருடை தருகிறது. தனியார் பள்ளிச் சின்னம் தைத்த சட்டையை வேறு பள்ளியில் போட முடியாது. கருநீலக் கால்சட்டை மட்டும் விதிவிலக்கு. சின்னம் இல்லாததால் அது வீட்டில் போட உதவும்.

எப்போது

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இல்லங்களில் துணி குவியும். வைக்க இடம் இருக்காது. நல்ல காலம் முழுப்பரீட்சை முடிந்த சித்திரை, வைகாசி. பிள்ளைகளுக்கு விடுமுறை, துவைத்துப் போட வெயில் காயும், ஜூனில் பள்ளி திறக்கும்போது வளர்ந்த பிள்ளைகளுக்குத் துணி வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் சேகரித்த மூட்டைகள் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம் கறையோ கிழிசலோ இல்லை. மடிப்புக்குள் இருந்த கொஞ்சூண்டு ஈரம்தான். பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் மக்கல் வாடையும் கறுப்புப் பூஞ்சைப் புள்ளியும் வந்துவிடும். அந்தப் புள்ளி போகாது.

இன்னொரு வாய்ப்பு மார்கழிக் கடைசி. போகிக்கு என்று பழையதை எடுத்து வைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் வீட்டில் யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. எரிக்கிற துணியையும் கொடுக்கிற துணியையும் ஒரே குவியலில் போடாமல் இருந்தால் போதும். எரிக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

அறுபது உருப்படி

நாலு பேர் உள்ள வீடு, ஏழு வயதில் ஒன்று, பதினொன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் துணியும் சேர்த்து ஒரு சுற்றில் அறுபது உருப்படி எடுக்கிறார்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம். இரண்டு அரைநாட்கள், நடுவில் துவைக்க மூன்று நாள்.

முதல் அரைநாள் சோதனை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முட்டி, பின்பக்கம், அக்குள் மூன்று இடத்திலும் நூல் தேய்ந்து வெளிச்சம் ஒழுகினால் அது இன்னும் ஐந்து துவைப்புகூடத் தாங்காது. ஜிப்பை மூன்று முறை மேலும் கீழும் இழுங்கள். ஒருமுறை சரியாக ஓடுவது கணக்கில் வராது. இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்க வேண்டும். உள்ளே ‘நொறுநொறு’ என்று சத்தம் கேட்டால் ரப்பர் செத்துவிட்டது. பையெல்லாம் வெளியே இழுத்துப் பாருங்கள். ஊக்கு, ஹேர்பின், சாக்லேட் தாள், சில சமயம் மாத்திரை. மாத்திரை ஆபத்து.

உள்ளாடை, சாக்ஸ், கைக்குட்டை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் போட்டது போட்டதுதான். பிள்ளைக்குக் கொடுக்கும் துணிக்கட்டில் அவை சேரக்கூடாது. அதற்குப் பதில், ஒரு பிள்ளைக்கு மூன்று உள்ளாடையும் ஒரு துண்டும் புதிதாக வாங்கிச் சேர்த்தால் அந்தக் கட்டின் மதிப்பே மாறிவிடும். வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குச் சிம்மீஸும் பிராவும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அளவைக் கேட்டு வாங்குங்கள். இல்லத்தில் பொறுப்பில் இருக்கும் அம்மா தயங்காமல் சொல்வார். திருப்பூர் உள்ளாடைகளில் 60, 65, 70, 75 என்று சென்டிமீட்டரில் அச்சிட்டிருப்பதால் குழப்பம் வராது.

கறை விஷயத்தில் பொறுமை வேண்டும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டவுடன் ரத்தச் சிவப்பாக மாறும். பலர் அங்கேயே ‘போச்சு’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். போகவில்லை. மஞ்சளின் நிறம் காரத்தில் சிவக்கும், வெயிலில் வெளுக்கும். அலசிவிட்டு, கறைப் பக்கம் மேலே வரும்படி இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டால் பெரும்பாலும் காணாமல் போகும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்க வேண்டும். பால்பாயின்ட் மைக்கு, நனைக்கும் முன்பே, கை கழுவும் சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். வாழைக்கறை மட்டும் போகாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அந்துருண்டை பற்றி ஒரு எச்சரிக்கை. பீரோவில் அந்துருண்டை போட்டு வருஷக்கணக்கில் வைத்திருந்த குழந்தைச் சட்டையை எடுத்து நேரே கைக்குழந்தைக்குப் போட்டால், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். பார்வைக்கு அது எந்தப் பிள்ளை என்று தெரியாது. ஆகவே வாடை கொஞ்சம் இருந்தாலும் கைக்குழந்தைக்கான துணிக்கட்டில் சேர்க்க வேண்டாம். சேமித்து வைக்கையில் உலர்ந்த வேப்பிலையோ வசம்போ போதும்.

வீட்டில் யாருக்காவது சொறிசிரங்கோ பேனோ சமீபத்தில் இருந்திருந்தால், அந்தத் துணிகளைக் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். சுடுதண்ணீர் ஆகாத துணி என்றால் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டுத் துவைக்கலாம். உடம்பை விட்டு இறங்கினால் பேனும் சிரங்குப் பூச்சியும் சில நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்காது.

பொத்தான் இடமாற்றம்

இரண்டாம் அரைநாள் தையல். தையல் மெஷின் தேவையில்லை. ஊசி, நாலு நிற நூல், பழைய பொத்தான் டப்பா, முக்கால் அங்குல எலாஸ்டிக் ஐந்து மீட்டர், ஒரு பெரிய ஊக்கு, தையல் பிரிக்கும் கத்தி போதும்.

சட்டையின் நெஞ்சுப் பக்கம் ஒரு பொத்தான் இல்லை, அதே மாதிரி பொத்தான் டப்பாவிலும் இல்லை. கால்சட்டைக்குள் செருகி மறையும் கடைசிப் பொத்தானை அறுத்து நெஞ்சில் தையுங்கள். கடைசி இடத்துக்கு எந்தப் பொத்தான் போனாலும் யாருக்கும் தெரியாது. தைக்கும்போது பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவி, அந்த இடைவெளியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும். ஒட்டித் தைத்த பொத்தானைச் சின்னப் பிள்ளை விரலால் மாட்ட முடியாது, இழுத்துப் பிய்த்துவிடும். பொத்தானுக்குப் பதில் ஊக்கு மாட்டி அனுப்புவது கூடவே கூடாது.

எலாஸ்டிக் மாற்ற, இடுப்புப் பட்டியின் உட்பக்கம் ஒரு அங்குலம் பிரித்து, பழையதை வெட்டி, அதன் ஒரு முனையில் புதியதைத் தைத்து, மறுமுனையைப் பிடித்து இழுத்தால் புதியது தானே உள்ளே ஓடிவிடும். பழையது அறுந்திருந்தால்தான் ஊக்கில் கோக்க வேண்டும். நீளம் இடுப்பளவில் இரண்டு அங்குலம் குறைவு. முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துத் தைத்து முடிக்க வேண்டும். சிக்கும் ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கும்.

ஏழு வயதுக்குக் கீழே போகும் தொப்பிச் சட்டைகளில் கழுத்துக் கயிற்றை உருவிவிடுங்கள். எதிலாவது மாட்டி இறுக்கும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் தளர்ந்த மணி, ஜிகினா எல்லாம் வெட்டி எடுக்க வேண்டும், வாய்க்குத்தான் போகும்.

வயதை எழுதாதீர்கள்

கடை லேபிளில் 7-8 வயது என்றால் அது 128 செ.மீ. உயரத்தைக் கணக்கிட்டு வெட்டிய துணி. 5-6 என்றால் 116. சரியாகச் சாப்பாடு கிடைக்காத பிள்ளைகள் வயதுக்கு உயரம் குறைவாகவே இருப்பார்கள். ‘எட்டு வயது’ என்று எழுதிய கட்டை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் கால்சட்டை தரையில் இழுபடும். ஆகவே உயரத்தை எழுத வேண்டும். லேபிள் அழிந்த உடையை, சரியாகப் பொருந்தும் ஒரு உடையின் மேல் விரித்து ஒப்பிட்டாலே அளவு தெரிந்துவிடும். தையல்காரர் டேப் இருந்தால் தோள் முதல் கீழ்விளிம்பு வரை, இடுப்பைப் படுக்கையாக வைத்து, இரண்டு அளவு போதும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டு: மேலே போட இரண்டு, கீழே போட இரண்டு, இரவுக்கு ஒன்று, புதிய உள்ளாடை மூன்று, துண்டு ஒன்று. பழைய துப்பட்டாக் கிழிசலால் கட்டி, துண்டுச்சீட்டில் ‘பெண், உயரம் 122–128, பருத்தி’ என்று எழுதிச் செருக வேண்டும். ஜோடி பிரியக்கூடாது. பாவாடை ஒரு கட்டிலும் சட்டை இன்னொரு கட்டிலும் போனால் இரண்டுமே வீண்.

அறுபதில் இந்தச் சோதனையெல்லாம் தாண்டி முப்பது, முப்பத்தைந்து தேறினால் அந்த வீடு நன்றாகப் பராமரிக்கிறது என்று அர்த்தம். ஆறு கட்டு வரும். 25 கிலோ அரிசிப் பை ஒன்றில் அடங்கும். ஐம்பத்தைந்து தேறியது என்று யாராவது சொன்னால், சரியாகப் பார்க்கவில்லை என்றே சந்தேகப்பட வேண்டும்.

பிள்ளைகளின் பங்கு

குடும்ப வேலை என்று பெயர் வைத்துவிட்டு, பிள்ளை பள்ளிக்குப் போன நேரத்தில் துணியை அள்ளுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அடுத்த மாதம் அந்த டைனோசர் பனியனைத் தேடும்போது வீடு ரெண்டுபடும். அதைவிட மோசம், கொடுப்பது என்றாலே பறிகொடுப்பது என்று மனதில் பதிந்துவிடும். மூன்று கூடை வையுங்கள்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, ‘யோசிக்கணும்’. மூன்றாவதற்கு முப்பது நாள் கெடு. அதற்குள் ஒருமுறைகூட எடுத்துப் போடாததை மறுபடி காட்டிக் கேட்டால், பெரும்பாலும் தானே கொடுத்துவிடும். தராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆத்தா வாங்கித் தந்த பட்டுப்பாவாடையை ஆத்தாவைக் கேட்காமல் கூடையில் போடவும் வேண்டாம்.

ஐந்து வயதுக்குப் பொத்தான் நிறம் பார்த்துப் பொறுக்கும் வேலை, எட்டுக்கு அளந்து சீட்டு எழுதும் வேலை, பதினொன்றுக்கு ஊசி. பாட்டி பக்கத்தில் இருந்தால் தையல் பாடம் தானாக நடக்கும். “மூணு சுத்துச் சுத்துனியாடி கண்ணு?” “நாலு சுத்திட்டேன் ஆச்சி.” “சரி, போதும். பல்லால கடிக்காத, கத்தரிய எடு.”

கொடுக்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று கேட்பார்கள். அலுவலக அறைவரை போகலாம். வரிசையில் பிள்ளைகளை நிறுத்தி நம் பிள்ளை கையால் கொடுக்க வைப்பதும், படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. வாங்கும் பிள்ளைக்கும் அதே வயதுதான். நாளை பள்ளியில் ‘அது என் டிரெஸ்’ என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்? சட்டமும் இருக்கிறது: இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சுவரில் மாட்டினால்

வேறொரு வழி அன்புச் சுவர்: கொடுப்பவர் துணியை மாட்டிவிட்டுப் போக, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் பொதுச் சுவர். ஈரானின் மஷ்ஹத் நகரில் 2015 குளிர்காலத்தில் ஆணி அடித்த சுவராகத் தொடங்கி ஊரூராகப் பரவியது. திருநெல்வேலியிலும் அந்தப் பெயரில் வந்தது. இதன் பலம், கொடுப்பவர் முகமும் எடுப்பவர் முகமும் ஒன்றையொன்று பார்க்க வேண்டாம் என்பது. நாகையில் குலைந்துபோன மானம் இங்கே காப்பாற்றப்படுகிறது. பலவீனம் மழை, தூசி, பிரிக்க ஆள் இல்லாமை. கூரையும் தினம் அடுக்க ஒருவரும் இல்லாத சுவர் சில வாரத்தில் சின்ன நாகைச் சாலையாகிவிடும். அங்கே கொடுப்பதானால் ஹேங்கரில் மாட்டி, உயரச் சீட்டை ஊக்கால் வெளியே தெரியக் குத்தி, காலையில் வைக்க வேண்டும். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வரக்கூடாது.

தேறாதவை

மிச்சம் இருபத்தைந்து என்ன ஆகும்? கிழிந்த பருத்தி பனியன் டூவீலர் மெக்கானிக் கடைக்குப் போகலாம். காசு கொடுத்து வேஸ்ட் துணி வாங்குபவர்கள் அவர்கள், மறுக்க மாட்டார்கள். பொத்தானும் ஜிப்பும் அறுத்தெடுத்துவிட்டுக் கொடுங்கள். மெல்லிசான பழைய வேட்டி, ‘வாயில்’ ரகப் புடவைக்குச் சொந்தத்தில் பிள்ளை பிறக்கும் வீட்டில் எப்போதும் வரவேற்பு உண்டு. பாலியெஸ்டரைத் துடைக்கப் பயன்படுத்த முடியாது, தண்ணீரை உறிஞ்சாது. அதைப் பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரிடமோ காயலான் கடையிலோ போடலாம். இப்படிச் சேரும் துணியும், குறிப்பாகக் கம்பளியும், கைமாறிக் கைமாறி ஹரியானாவின் பானிபட் வரை போகும். அங்கே கிழித்து நாராக்கி மறுபடி நூற்று நெய்யும் மலிவுப் போர்வைகள்தான் பேரிடர் நிவாரணத்துக்கும் வாங்கப்படுகின்றன.

ஒரு பழைய நோட்டில் நாலு வரி எழுதி வைத்தால் போதும்: தேதி, எத்தனை கட்டு, எந்த உயரம், யாரிடம். ஆறு மாதம் கழித்து அதே மேடத்துக்குப் போன் செய்யும்போது ‘இன்னும் துணி வேணுமா’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘அனுப்புங்க’ என்பார். ‘போன தடவை கொடுத்ததுல எது யாருக்கும் ஆகாம அப்படியே கெடக்கு?’ என்று கேளுங்கள்.